எட்டு வெடிக் கிணறு

என் தம்பி மனைவி போன் செய்தால் ஏதாவது விசேஷம் இருக்கும், இல்லையென்றால் வில்லங்கம் இருக்கும். சாப்பிட்டாச்சா, தூங்கியாச்சா என்று சும்மா கேட்கிற ரகம் அவள் இல்லை. அன்று விசேஷம் எதுவும் கிடையாது. அதனால் வில்லங்கம்தான் என்று தெரிந்தே பெங்களூரில் ஆபீஸ் படிக்கட்டில் நின்று போனை எடுத்தேன்.

“மதினி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லுங்க. அன்னைக்கு நீங்க எண்ணுனது எட்டுதானா?”

“எதைக் கேக்குற?”

“கெணத்து வெடியைத்தான். நெசமா எட்டா, இல்ல ஒம்பதா? உங்க தம்பி வர்ற திங்கக்கிழமை உள்ள எறங்கப் போறாக. ஆளு யாரும் வேணாம், நானே கல்லை அள்ளுறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாக. புதுக் கயிறெல்லாம் வாங்கியாந்து வச்சிருக்காக.”

எட்டுதான் என்று சொன்னேன். சொல்லிவிட்டு அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அது எட்டா ஒன்பதா என்று எனக்குத் தெரியாது. பதினோரு வருஷமாகத் தெரியாது.

முதலில் கிணற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அப்பா போன பிறகு தம்பிதான் பார்க்கிறான். தோட்டத்தின் மூலையில் ஐம்பது அடிக் கிணறு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடையில் தண்ணீர் அடியோடு வற்றியதால், பாறையை உடைத்து ஆழப்படுத்த ஏற்பாடு செய்தான். அனுமந்தன்பட்டியிலிருந்து ஒரு மேஸ்திரி தன் ஆட்களோடு வந்தார். கம்ப்ரசர் வைத்து அடிப்பாறையில் ஒன்பது குழி போட்டார்கள். ஒவ்வொரு குழியிலும் வெடிமருந்துத் தோட்டாவை இறக்கி, திரி வைத்து, மண்ணால் கெட்டித்து அடைத்தார்கள். ஒரு திரியைவிட அடுத்த திரி கொஞ்சம் நீளமாக இருக்கும். பற்றவைத்தவர் கிரேன் தொட்டியில் ஏறி மேலே வந்து தூரமாகப் போன பிறகு ஒவ்வொன்றாக வெடிக்கும்.

அந்த மேஸ்திரியிடம் ஒரு முறை உண்டு. கிணற்றைச் சுற்றி மூன்று திசையில் மூன்று பேர், ஒருவரோடு ஒருவர் பேச முடியாத தூரத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு குவியல் கூழாங்கல். ஒரு சத்தம் கேட்டால் ஒரு கல்லை எடுத்து மடக்கிய கைக்குள் வைக்க வேண்டும். வாய்விட்டு எண்ணக் கூடாது. எல்லாம் முடிந்ததும் மூன்று பேரும் ஒரே இடத்தில் கூடி, ஒரே நேரத்தில் கையை விரிக்க வேண்டும். மூன்று கையிலும் ஒன்பது இருந்தால் கிணற்றில் இறங்கலாம். ஒரு கையில் ஒன்று குறைந்தாலும் அந்தக் குறைந்த கைதான் கணக்கு. மற்ற இரண்டு பேர் ஒன்பது காட்டினார்களே என்று ஓட்டு எண்ணுகிற வேலையெல்லாம் அங்கே கிடையாது. பக்கத்து வெடியில் கல் தெறித்துத் திரி அறுந்துபோவது உண்டு. அப்படி வெடிக்காமல் கல்லுக்குள் கிடக்கும் தோட்டாவில் கடப்பாரை பட்டால் ஆள் மிஞ்ச மாட்டான்.

மேஸ்திரி ஒரு பக்கம், தம்பி எதிர்ப்பக்கம், மூன்றாவது ஆளாக நான். லீவில் வந்திருந்தேன். எலக்ட்ரானிக்ஸ் படித்த பெண்ணுக்கு ஒன்பது வரைக்கும் எண்ணத் தெரியாதா என்று என்னை நிறுத்தினார்கள்.

“போனை வீட்டுல வச்சுட்டு வா ஆத்தா. காது ரெண்டும் கெணத்துக்குள்ள கெடக்கணும்” என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

நான் வைத்துவிட்டு வரவில்லை. மூன்றாவதோ நான்காவதோ வெடி முடிந்ததும் இடுப்பில் போன் அதிர்ந்தது. ஒரு வேலைக்கு மனுப் போட்டிருந்தேன், அங்கிருந்துதான் கூப்பிடுகிறார்களோ என்று எடுத்துவிட்டேன். ஒரு பெண் தேன் ஒழுகும் குரலில், “மேடம், உங்களுக்கு கிரெடிட் கார்டு வேணுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கலாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் நம்பரை உனக்கு யார் கொடுத்தது என்று அவளோடு சண்டைக்குப் போனேன். பின்னால் வெடி போய்க்கொண்டிருந்தது. சத்தம் கேட்டபோதெல்லாம் குனிந்து கல்லை எடுத்த மாதிரிதான் ஞாபகம்.

கையை விரித்தோம். மேஸ்திரியிடம் ஒன்பது. தம்பியிடம் ஒன்பது. என்னிடம் எட்டு.

“எட்டு” என்றார் மேஸ்திரி. என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆட்களைப் பார்த்து, யாரும் இறங்க வேண்டாம், நாளைக் காலையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அந்த இடத்திலேயே, நான் போனில் பேசிக்கொண்டிருந்தேன், என் கணக்கைச் சேர்க்காதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் எட்டிப்பார்த்தால் உடைந்த கல்லுக்கு மேலே இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. ஊற்றுக்கண் திறந்துகொண்டது. தண்ணீர் வந்த பிறகு கல்லை யார் அள்ளப் போகிறார்கள்? அப்படியே விட்டுவிட்டு மோட்டாரை இறக்கித் தம்பி கொடிக்குப் பாய்ச்ச ஆரம்பித்தான். ஊரில் அதற்கு எட்டு வெடிக் கிணறு என்று பேர் விழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தப் பேர் காதில் விழும்போதெல்லாம் எனக்கு ‘மேடம்’ என்று அந்தப் பெண் கூப்பிடுவதுதான் கேட்கும்.

பத்து வருஷம் கிணறு குறை வைக்கவில்லை. அதன் பிறகு தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. தம்பி எண்ணூறு அடிக்குப் போர் போட்டான், புழுதிதான் வந்தது. கிணற்றில் கிடக்கிற கல்லை அள்ளிவிட்டு இன்னும் பத்தடி போனால் ஊற்று கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கிணற்றின் பேரைக் கேட்டதும் உள்ளூர் ஆட்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தேவதானப்பட்டிப் பக்கமிருந்து விவரம் தெரியாத ஒரு குழு வந்து இறங்கத் தயாராக நின்றது. தம்பியே அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உள்ளே ஒன்று வெடிக்காமல் கிடக்கலாம் என்று சொன்னான். அவர்கள் டீயைக் குடித்துவிட்டு கம்ப்ரசர் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். “ஏலே, வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா வேலை முடிஞ்சிருக்கும்ல” என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் திட்டினாராம்.

கொடியோ காயத் தொடங்கிவிட்டது. திராட்சைக் கொடி வருஷக்கணக்காகப் பாடுபட்டுப் பந்தலில் ஏற்றியது. ஒரு முறை காய்ந்தால் மறுபடி முதலில் இருந்துதான். அதனால்தான் தானே இறங்குவதாகப் புறப்பட்டிருக்கிறான்.

படிக்கட்டில் உட்கார்ந்து நான் யோசித்தது இதுதான். உண்மையைச் சொன்னால், அக்கா போனில் இருந்தாள், அப்படியென்றால் ஒன்பதும் வெடித்துவிட்டது என்று இன்னும் தைரியமாக இறங்குவான். உள்ளே ஒன்று கிடந்தால் என் உண்மையே அவனைக் கொன்றுவிடும். உண்மையைச் சொல்லாவிட்டாலும் இறங்கத்தான் போகிறான், அவன் கையில் ஒன்பது கல் இருந்தது. எப்படிப் பார்த்தாலும் கயிறு கிணற்றுக்குள் தொங்கியது.

நான் வேலை பார்ப்பது கண்ணிவெடி கண்டுபிடிக்கும் கருவி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில். மொத்தம் பன்னிரண்டு பேர். பழைய கருவிகளுக்கு இரும்பு மட்டும்தான் தெரியும். இப்போது வருகிற கண்ணிவெடிகளில் பாதி பிளாஸ்டிக், இரும்பு பேருக்குத்தான் இருக்கும். எங்கள் கருவிக்கு மூன்று காது. ஒன்று உலோகத்தைக் கேட்கும். இரண்டாவது ரேடார், மண்ணுக்குள் அலையை அனுப்பி உள்ளே என்ன உருவம் கிடக்கிறது என்று பார்க்கும். மூன்றாவதுதான் புதுசு. வெடிமருந்தில் கெட்டியாக இருக்கும் நைட்ரஜனை ஒரு குறிப்பிட்ட ரேடியோ அலையால் தட்டினால், அது மிக மெல்லியதாக ஒரு பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கேட்பதற்காகவே நான் ஆறு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

கருவி எவ்வளவு சந்தேகப்பட வேண்டும் என்பதை நாங்கள்தான் வைக்கிறோம். அதிகம் சந்தேகப்பட்டால் ஆணிக்கும் சோடா மூடிக்கும் கத்தும், குறைத்தால் வெடியையே விட்டுவிடும். இந்தச் சண்டையில் நான் எப்போதும் சந்தேகத்தின் கட்சி. ஆபீஸில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கிண்டல் செய்வார்கள். மேஸ்திரியின் கூழாங்கல்லைப் பற்றி நான் அவர்களிடம் சொன்னதில்லை, சொன்னால் போனையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அன்றைக்கே எங்கள் குழுத் தலைவரிடம் போனேன். என்னைவிட வயதில் சின்னவர், மலையாளி. நாங்கள் அதுவரை ஆபீஸுக்குப் பின்னால் மணல் தொட்டியில் நாங்களே புதைத்து நாங்களே கண்டுபிடித்துக்கொண்டிருந்தோம். பாறை நிலத்தில் சோதிக்க வேண்டும் என்று அவருக்கும் ஆசை. எங்கள் ஊர்க் கிணற்றைச் சொன்னதும் அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஆனால் கலெக்டர் ஆபீஸ் அனுமதி இல்லாமல் கருவி வெளியே போகாது என்றார்.

தம்பியிடம் பத்து நாள் கேட்டேன்.

“கொடி பத்து நாள் தாங்குமாக்கா?”

“நீ தாங்கணும்ல எனக்கு” என்றேன். கத்தித்தான் சொன்னேன்.

“சரி, பத்து நாள். பதினோராவது நாள் எறங்கிருவேன்.”

மனு கிணற்றில் போட்ட கல்லாக ஒரு வாரம் கிடந்தது. நானும் விடவில்லை, தினமும் போன் செய்து அந்த ஆபீஸில் எல்லோருக்கும் என் குரல் மனப்பாடம் ஆகிவிட்டது. எட்டாம் நாள் அனுமதி வந்தது. ஆள் யாரும் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது, ஏதாவது இருந்தால் தொடாமல் போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்று இரண்டு நிபந்தனை. ஒன்பதாம் நாள் மதியம் கருவியோடு தோட்டத்தில் நின்றோம்.

ஊரில் செய்தி எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது. பூமிக்குள் இருப்பதைக் காட்டும் மெஷின் என்று கேள்விப்பட்டு ஒரு கூட்டம். தோட்டத்தில் யாரோ செய்வினைத் தகடு புதைத்துவிட்டார்கள், அதனால்தான் பழம் வெடித்துப்போகிறது, கொஞ்சம் வந்து பார்க்க வேண்டும் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் எங்கள் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். தகடு செம்புதானே, இரண்டு நிமிஷம்தானே ஆகும் என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தலைவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

மேஸ்திரியும் வந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, தொழிலை விட்டுவிட்டாராம். பல வருஷம் இடுக்கிப் பக்கம் ஏலத் தோட்டங்களில் கிணறு வெட்டியவர் என்பதால் எங்கள் தலைவரோடு மலையாளத்தில் ஒட்டிக்கொண்டார். தரையில் கிணற்றின் வட்டத்தைக் குச்சியால் வரைந்து, அன்று குழி போட்ட இடங்களில் ஒன்பது கூழாங்கல்லை வைத்துக் காட்டினார். எல்லாம் நேற்று நடந்தது போல அவருக்கு ஞாபகம் இருந்தது.

வேலையை மறுநாள் காலையில் வைத்துக்கொண்டோம். கருவியை உள்ளே இறக்க வேண்டும். கிரேனில் இருப்பது இரும்புக் கம்பி வடம், அதைப் பக்கத்தில் கொண்டுபோனாலே உலோகக் காது அலறியது. நைலான் கயிறு வேண்டும் என்றார் தலைவர். தம்பி மனைவி வீட்டுக்குள் போய்ப் புதுக் கயிறைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டாள். தம்பி இறங்குவதற்காக வாங்கி வைத்தது.

“இதுல அதையே எறக்குங்க” என்றாள்.

அவர்கள் கருவியைப் பிளாஸ்டிக் குழாய்ச் சட்டத்தில் கட்டிக்கொண்டிருந்தபோது நான் தம்பியைத் தனியாகப் பந்தலுக்குக் கீழே கூட்டிப்போனேன். இலை ஓரம் பழுப்பேறித் தொங்கிக்கொண்டிருந்தது. கருவி இறங்கப் போகிறது, இனி இவன் இறங்க மாட்டான், இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

“அன்னைக்கு நான் போன்ல பேசிக்கிட்டிருந்தேன்டா. என் எட்டு ஒழுங்கான எட்டு இல்ல.”

“தெரியும்க்கா” என்றான்.

எனக்குப் புரியவில்லை.

“நான் எதுத்தாப்புலதான நின்னேன். நீ கையை ஆட்டி ஆட்டி யாரையோ வையிறது அங்கன இருந்து நல்லாத் தெரிஞ்சது.”

“அப்புறம் ஏன்டா மேஸ்திரிகிட்டச் சொல்லல? இத்தனை வருஷம் ஏன் சொல்லல?”

“சொன்னா ஒம்பதுன்னு ஆயிரும். அவுக ஆளுக நாலு பேரு எறங்கிருப்பாக. ஒருவேளை நீ எண்ணுனதே சரியா இருந்துட்டா?” காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டான். “அப்புறம், உன்னை எல்லார் முன்னாடியும் வஞ்சிருப்பாக. எதுக்கு? நான் கேட்டது ஒம்பதுதான். ஆனா என் காதை நம்பி அடுத்தவனை எறக்க முடியுமா? அதான் நான் மட்டும் எறங்குறேன்னேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினோரு வருஷம் நான் ஒளித்து வைத்திருந்ததை இவன் எதிரில் நின்று பார்த்திருக்கிறான். ஒரு தீபாவளிக்குக்கூட வாய் தவறிச் சொல்லவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு கிணற்றுக்குத் திரும்பினேன்.

தலைவர் எல்லோரிடமும் போனை அணைத்துத் தூரமாக வைக்கச் சொன்னார். மூன்றாவது காது கேட்க வேண்டிய பதில் அவ்வளவு மெல்லியது, பக்கத்தில் ஒரு போன் இருந்தாலே கெட்டுப்போகும். மோட்டார் ஓடினாலும் கெடும். அதனால் தோட்டத்து மோட்டார்களுக்கு வருகிற த்ரீ பேஸ் கரண்ட் நிற்கிற நேரமாகப் பார்த்துத்தான் ஆரம்பித்தோம். மேஸ்திரி என் பக்கம் திரும்பவே இல்லை. நான் போனை எடுத்துக்கொண்டு போய் வீட்டு அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு வந்தேன்.

தம்பி முந்தின நாளே தண்ணீரை இறைத்து வைத்திருந்தான். கீழே கல்லும் சகதியும் மட்டும். இரண்டு கரையிலும் ஆள் நின்று கயிற்றைத் தளர்த்தியும் இழுத்தும் கருவியைக் கட்டம் கட்டமாக நகர்த்தினார்கள். நாங்கள் தூரத்தில் பந்தலுக்குக் கீழே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உலோகக் காது எதற்கும் உதவவில்லை. உடைந்த துளைக்கம்பி, மோட்டார் போல்ட், என்றோ விழுந்த ஒரு சொம்பு, எல்லாவற்றுக்கும் கத்தியது. ஈரக் கல்லில் ரேடார் மங்கலாகத்தான் பார்த்தது. மூன்றாவது காது ஒவ்வொரு கட்டத்திலும் நாலு நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். அத்தனை பேரும் மூச்சுவிடாமல் நிற்பார்கள், இல்லை என்று வரும், அடுத்த கட்டம்.

“உரத்துலயும் நைட்ரஜன்தான இருக்கு? அம்புட்டும் கெணத்துலதான எறங்குது. அதுக்கும் கத்தாதா?” என்று தம்பி கேட்டான். நல்ல கேள்வி. தண்ணீரில் கரைந்தது பதில் சொல்லாது, கெட்டியாக இருப்பது மட்டும்தான் சொல்லும் என்றார் தலைவர். தம்பி தலையாட்டினான், ஆனால் முகத்தில் முழு நம்பிக்கை இல்லை.

வெயில் ஏறி, கூட்டத்தில் பாதி கலைந்துபோன பிறகு தென்மேற்கு மூலைக்கு வந்தோம். திரையில் கோடு கொஞ்சம் எழும்பி உட்கார்ந்தது. தலைவர் மறுபடி பார்த்தார், எழும்பியது. மூன்றாம் முறை எழும்பவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆபீஸாக இருந்தால் இந்த இடத்தில் எங்களுக்குள் பெரிய சண்டை வந்திருக்கும்.

“கருவியை எடுக்காதீங்க. திரும்பப் பாருங்க” என்றேன்.

மேலும் ஆறு முறை பார்த்தோம். ஐந்து முறை எழும்பியது. அந்த இடத்தில் மட்டும் ரேடாரை மெல்ல மெல்ல ஓட்டினோம். கல்குவியலுக்குக் கீழே, பாறைக்குள் நேராக இறங்கும் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. வெடித்த குழி வாய் பிளந்து சிதறியிருக்கும். இது போட்டபடி அப்படியே இருந்தது.

தலைவர் தரையில் மேஸ்திரி வரைந்த வட்டத்தில் அந்த இடத்தைத் தொட்டார். விரல் ஒரு கூழாங்கல்லின் மேல் போய் நின்றது.

“ஆறாவது குழி” என்றார் மேஸ்திரி. கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்த வாரம் பக்கத்துத் தோட்டத்துக்கு அங்கிட்டும் வெடி போட்டுக்கிட்டிருந்தாக. அதுல ஒண்ணைத்தான் நாங்க ரெண்டு பேரும் சேத்து எண்ணிட்டோம் போல” என்றார்.

தம்பி வரப்பில் உட்கார்ந்தான். தென்மேற்கு மூலையில்தான் கல் உயரமாகக் குவிந்திருந்தது. முதலில் அங்கேதான் கடப்பாரையைப் போடுவதாக இருந்தேன் என்று பிறகு சொன்னான். அவன் மனைவி பக்கத்தில் போய் நின்று அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அப்புறம் அதே கையால் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். கருவி மேலே வந்ததும் கயிற்றை அவளே அவிழ்த்துச் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் பார்த்தால் கொல்லையில் அந்தக் கயிற்றில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

மதியச் சாப்பாட்டில் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. நான் சரியாக எண்ணியிருந்தால் நானும் அந்த அடுத்த தோட்டத்து வெடியைச் சேர்த்து ஒன்பது காட்டியிருப்பேன். நாலு பேர் இறங்கியிருப்பார்கள். கவனம் தப்பியதால் குருட்டாம்போக்கில் சரியாகிவிட்டது. இதில் பெருமைப்பட எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அந்த நாலு பேரும் இன்றைக்கு எங்கோ சோறு தின்றுகொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க நான் தயாராக இல்லை.

தம்பிதான் பேச்சை எடுத்தான். “அக்கா, போன்ல அப்பிடி யாரைத்தான் வஞ்ச?”

கிரெடிட் கார்டுப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். சோற்றைப் பிசைந்த கையோடு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.

“பாவம்க்கா. அந்தப் பிள்ளைகிட்ட ஒரு கார்டு வாங்கியிருக்கலாம்.”

அவன் மனைவிக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும்தான்.

அதிலிருந்து நாலாம் நாள் போலீஸின் வெடி அகற்றும் குழு வந்தது. எடுக்க முடியாது, இருக்கிற இடத்திலேயே வெடிக்கவைத்து அழித்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். எல்லோரையும் தோட்டத்துக்கு வெளியே தூரமாக நிறுத்தினார்கள். வெடிக்கப் போவது ஒரே ஒன்று. அப்படியிருந்தும் மேஸ்திரி மடியிலிருந்து கூழாங்கற்களை எடுத்தார். தம்பியை ஒரு பக்கம் அனுப்பினார், என்னை ஒரு பக்கம் அனுப்பினார். என்ன இது என்று அதிகாரி கேட்டார். “எண்ணணும்ல சார்” என்றார் மேஸ்திரி. அதிகாரி சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

சத்தம் வந்தது. தரை ஒரு முறை உதறியது. கிணற்று வாயிலிருந்து புழுதி எழுந்து பந்தல் மேல் படிந்தது. நான் குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். வேறு சத்தம் எதுவும் வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே நின்றேன். ஒன்றும் வரவில்லை.

மூவரும் கூடிக் கையை விரித்தோம். அவர் கையில் ஒன்று. தம்பி கையில் ஒன்று. என் கையில் ஒன்று.

“அண்ணே, அன்னைக்கு நான் போன்ல இருந்தேன்” என்றேன்.

மேஸ்திரி என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். “இன்னைக்கு?”

“அரிசிப் பானையில இருக்கு.”

தலையாட்டினார். என் உள்ளங்கையிலிருந்த கல்லை எடுத்துத் தன் கல்லோடு சேர்த்து மடியில் போட்டுக்கொண்டார். புகை அடங்கட்டும் என்று கிணற்றைப் பார்த்தபடி வெகு நேரம் நின்றார். பிறகு தம்பியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

“எட்டும் ஒண்ணும் ஒம்பது. இப்ப எறங்கலாம்.”